ஐம்பதிலேயே நின்ற கோடு

அக்கா புருஷன் தன் சீட்டுக்குக் குழி பறிக்கிறார் என்று ஆபரேட்டருக்கு ஒரு வாரமாகவே சந்தேகம். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. இன்னொன்று வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதே ஆலையில் மெக்கானிக்காக இருக்கும் அந்த மாமாவுக்கோ வீட்டில் வேலையில்லாத தம்பி ஒருவன். போதாதா? நம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ட்ரோல் ரூமில் அவன் கவனிக்க வேண்டியது ஒரு தொட்டியை. பயங்கர அழுத்தத்தில் அதற்குள் வாயு மேலே, திரவம் அடியில் என்று பிரியும். அந்தத் திரவம் வெளியேறும் வேகத்தில் ஒரு டர்பைன் சுற்றி, பம்புக்குத் தோள் கொடுக்கும். மோட்டாருக்குக் கரண்ட் மிச்சம். திரவ மட்டம் பாதியில், அதாவது ஐம்பது சதவீதத்தில், நிற்க வேண்டும். வற்றினால் வாயு டர்பைன் வழியே பாய்ந்து, அழுத்தம் தாங்காத அடுத்த தொட்டியைப் பிளந்துவிடும்.

அன்று மத்தியானம் திரையில் மட்டம் ஐம்பது. கோடு கிழித்த மாதிரி ஐம்பது. ஆனால் டர்பைன் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. டர்பைன் பக்கம் இருந்தது மாமா ஒருவர்தான்.

"கைவால்வைத் திருகுறாரு," என்று பல்லைக் கடித்தான். "என் ஷிஃப்ட்ல கரண்ட் எகிறணும், நான் பதில் சொல்லணும்!"

டர்பைனுக்குத் திரவம் விடும் கண்ட்ரோல் வால்வைத் திரையிலிருந்தே இன்னும் திறந்தான். வேகம் ஏறியது, உடனே இறங்கியது. மறுபடி திறந்தான், மறுபடி இறங்கியது. அடேயப்பா, இங்கே திறக்கத் திறக்க அங்கே மூடுகிறார்! மூடினால் மட்டம் ஏற வேண்டுமே, ஏன் இம்மிகூட அசையவில்லை என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

ரேடியோவில் கூப்பிட்டான். பதில் இல்லை. ஷிஃப்ட் ரிஜிஸ்டரை இழுத்து, 'மெக்கானிக் அனுமதியின்றி வால்வை மூடுகிறார்' என்று எழுதினான். அதில் எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் திரையை ஒப்படைத்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க ஓடினான்.

மாமா வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டர்பைன் சரளைக்கல்லை அரைப்பது போல் கடகடத்தது.

"யாருக்காக மாமா இதெல்லாம்? உங்க தம்பிக்காகவா?"

"வாயை மூடிட்டு அந்த அளவுக் கண்ணாடியைப் பாரு மச்சான்."

பார்த்தான். தொட்டியின் உண்மையான மட்டத்தைக் காட்டும் அந்தக் கண்ணாடியில், அடியில் இரண்டு விரல் உயரம்தான் திரவம்.

"திரையில ஐம்பது..."

"அங்க ஐம்பதுதான் காட்டும். பின்னாடி பாரு."

மட்டம் அளக்கும் கருவியின் வால்வு மூடியே கிடந்தது; மூடியபோது இருந்த ஐம்பதையே அது திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்பு அட்டை. மூடியவனே கையெழுத்துப் போட்டு மாட்டி, அவனே கழற்ற வேண்டிய அட்டை. கையெழுத்து அவனுடையது. காலையில் கருவியைச் சுத்தம் செய்தபோது மாமாவோடு அவர் தம்பி விஷயமாகச் சண்டை. பாதியில் விறுவிறுவென்று போய்விட்டான். ஐயோ!

"ரேடியோல சொல்லியிருக்கலாமே மாமா!"

"சொன்னா மேனேஜருக்கும் கேக்கும். உனக்கு இது ரெண்டாவது. அப்புறம் உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது? சந்தேகப்பட்டாவது நீ ஓடி வருவேன்னு தெரியும்."

அட்டையைக் கழற்றிக் கருவியைத் திறந்தான். கண்ட்ரோல் வால்வைக் குறைக்கச் சொல்லி ரேடியோவில் கத்தினான். கண்ணாடியில் திரவம் மெல்ல ஏறிய பிறகுதான் மாமா சக்கரத்தை விட்டார். உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"போ. யாருக்கும் தெரிய வேணாம்," என்றார்.

ரிஜிஸ்டர் மேசையில் திறந்தே கிடந்தது. அந்த வரி நின்றால் மாமாவுக்கு வேலை போகும். பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினான்: 'மட்டக் கருவியை மூடிவிட்டு மறந்தவன் நான். மெக்கானிக் வால்வை மூடியதால்தான் எல்லாரும் பிழைத்தோம்.'

கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு அவனே நடந்தான்.