உங்கட விருப்பம்

கொழும்பு வெள்ளவத்தையில் மதியம் பன்னிரண்டு மணி, ஒசாக்காவில் மூன்றரை. அன்னபாக்கியம் பயித்தங்காய் முறித்துக்கொண்டே, சீனிப் போத்தலில் சாத்தி வைத்த போனில் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்டியக் குழுவொன்றுக்கு வயலின் வாசிக்க ஜப்பான் போன மனிதர். போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்று கச்சேரி இல்லை என்று, கூரை போட்ட ஒரு கடைத்தெருவைக் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

“இதைப் பாரும் அன்னம். குழி குழியா இரும்புத் தட்டு. மாவை ஊத்தி ஊசியால ஒரு பிரட்டு. உள்ளுக்கு எட்டுக்கால் கணவாய்!”

“ஊதிச் சாப்பிடுங்கோ. நாக்குப் பொத்துப்போகும்.”

“ஆ... சுட்டிட்டுது!”

“நான் சொல்லி எப்ப கேட்டனீங்கள்?”

சிரித்துக்கொண்டே போனைக் கடை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்தார்.

“குழு நடத்திற லவன் இன்னும் மூண்டு மாசம் நிண்டு வாசிக்கச் சொல்லுறான். பின்னேரம் முடிவு சொல்லவேணும். நீர் என்ன சொல்லுறீர்?”

பயித்தங்காய் கையிலேயே நின்றது. ‘வந்திடுங்கோ’ என்பது தொண்டை வரை வந்தது.

“உங்கட விருப்பம்.”

“எதைக் கேட்டாலும் இதுதான். பொறும், பொறும்... ஆரோ வாசிக்கினம். மூண்டு தந்தி வாத்தியம் போல கிடக்கு...”

காதைச் சாய்த்தபடி எழும்பினார். அவ்வளவுதான். திரையில் சிவப்புக் கடதாசி விளக்கு ஒன்று மட்டும் ஆடியது.

“இஞ்சாருங்கோ! போனை விட்டிட்டுப் போறீங்கள்! இஞ்சாருங்கோ!”

பாஷை தெரியாத ஊர். தங்கியிருக்கிற இடத்தின் விலாசமும் அந்தப் போனுக்குள்தான்.

கடைக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அறுபது இருக்கும். விஷயம் விளங்கிவிட்டது, போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். சனத்துக்குள் தூரத்தில் அவருடைய நரைத்த தலை போய்க்கொண்டிருந்தது. கடைக்காரி “ஹலோ, ஹலோ” என்று கத்தினாள். பாதித் தெரு திரும்பியது, அவரைத் தவிர. போனைத் தன் பக்கம் திருப்பி அவசரமாகக் கேட்டாள்:

“நேம்? நேம்?”

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அன்னபாக்கியம் கணவரின் பெயரை வாய் திறந்து சொன்னதில்லை. வங்கியில் கேட்டால் எழுதிக் காட்டுவாள். அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைக் கொண்டு சொல்லுவிப்பாள். நரைத்த தலை தெரு மூலையில் திரும்பி மறையப்போனது.

“நவரத்தினம்!”

கடைக்காரி போனை உயர்த்திப் பிடிக்க, அன்னபாக்கியம் இன்னும் பலமாகக் கத்தினாள்.

“நவரத்தினம்! நவரத்தினம்!”

மனிதர் அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்தார்.

“நீரோ கூப்பிட்டனீர்?”

“இல்லாட்டி உங்கட ஜப்பான்காரியே?”

“என்ர பேரைச் சொல்லியோ?”

“வேற எப்பிடிக் கூப்பிடுறதாம்? இஞ்சாருங்கோ எண்டா நீங்கள் திரும்பேல்லையே.” அவள் பயித்தங்காயைத் தள்ளிவைத்தாள். “உங்கட விருப்பம், உங்கட விருப்பம் எண்டு நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கு நீங்கள் இஞ்ச வேணும். ரெண்டு பேருக்குச் சமைச்சுப்போட்டு ஒரு ஆளாத் தின்னுறன். போதும். வாங்கோ.”

கடைக்காரி அவர் தோளுக்கு மேலால் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“லவனுக்கு மாட்டன் எண்டு சொல்லுறன். பத்தாம் திகதி பிளேன்ல ஏறுவன்.”

“அதுக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கே,” என்றாள் அன்னபாக்கியம்.