காகம் மீன் தூக்கிய எபிசோட்

1

இந்தக் கதையைப் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கண்டெடுத்தேன். பக்கத்துக் கதிரையில் கன்னம் வீங்கிய ஒரு பெண்பிள்ளை போனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது நோகிறது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"என்ன பிள்ளை அப்பிடி?"

"குஞ்சரம் வீடு, அன்ரி. காகம் மீன் தூக்கின எபிசோட். இந்த அழுகையை ஒருக்காக் கேளுங்கோவன்."

போனை என் காதில் வைத்தாள். கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த எபிசோடின் கீழே கிடந்த பார்வையாளர் கருத்துகளைக் கண் எரியும்வரை வாசித்தேன். அவற்றில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. எபிசோடையும் கருத்துகளையும் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை.

(தெரியாதவர்களுக்கு: 'குஞ்சரம் வீடு' என்பது யூடியூபில் எட்டு வருடமாக ஓடும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர். உருண்டையான குஞ்சரம், குச்சி போன்ற அவள் புருஷன், குட்டி என்றொரு மகள். எட்டு வருடமாகக் குட்டிக்கு ஐந்து வயதுதான். எல்லா எபிசோடிலும் ஒரு காகம் வந்து எதையாவது கெடுக்கும்.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள். என் புருஷன்மார் கடைசி அத்தியாயத்தில் திருந்துவார்கள். வாசகிகள் அதற்குத்தான் புத்தகம் வாங்குகிறார்கள்.

2

முதல் தொடக்கம்:

துறைமுகத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக உருக, மதிவதனா ஜன்னலோரம் நின்று

வேண்டாம். பாலையூற்றில் அவள் வீட்டு ஜன்னலால் துறைமுகம் தெரியாது. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்:

இராகுலனும் மதிவதனாவும் விரும்பிக் கட்டியவர்கள். அவன் படம் கீறுவான், அவள் குரல் கொடுப்பாள்.

இது பொய்யில்லை. ஆனால் இதை எழுதியதும் என் கை பழக்கத்தில் அவனுக்குச் சுருட்டை முடியும் கன்னக்குழியும் வைக்கப் போனது. கன்னக்குழி விழுந்த ஒருவனை என்னால் பிறகு கோபிக்க முடியாது. ஆகையால் அலுமாரிக்குள்ளிருந்து தொடங்குகிறேன்.

3

அவர்களுடைய ஒலிப்பதிவு அறை ஓர் அலுமாரி. மதிவதனா சீதனமாகக் கொண்டுவந்தது. தொங்கும் சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று இராகுலன் கண்டுபிடித்தான். தட்டுகளைக் கழற்றி, உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு, சேலைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டான். குஞ்சரத்தின் குரலும் மதிவதனா, குட்டியின் குரலும் மதிவதனா. பக்கத்து வீட்டுக்காரியின் குரலுக்குத் தோப்பூரிலிருந்து பஸ்மியா பஸ்ஸில் வருவாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பதிவைப் போட்டால் அன்று முழுக்க நிறுத்துவதில்லை. பிழைவிட்டுச் சிரிப்பது, தும்முவது, "ஐயோ, உலை பொங்குது" என்று ஓடுவது, எல்லாம் பதிவாகும். இராகுலன் பிறகு இருந்து பொறுக்குவான். குஞ்சரத்தின் பேர்போன தும்மல் அப்படிக் கிடைத்ததுதான். "சொல்லிக் குடுத்து வாறதை விட, தானா விழுறதுதான் சிரிப்பு" என்பான்.

மாசி மாதம் மதிவதனாவுக்கு ஒரு பெண்குழந்தை இறந்து பிறந்தது. ஏழாம் மாதம். முகத்தைப் பார்க்க வேண்டாம், மறக்க ஏலாமல் போய்விடும் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். அவளும் ஓம் என்றுவிட்டாள். பெயரில்லை, படமில்லை. ஊரில் பலருக்குச் சொல்லவுமில்லை.

பங்குனியில் ஒரு நாள், பஸ்மியா தன் பகுதியைப் பேசி முடித்துப் போய்விட்டாள். இராகுலன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மதிவதனா அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் சத்தம் வெளியே போகாத இடம் அது ஒன்றுதான். முக்காலியில் இருந்து, குட்டியின் குரலில், "அம்மா" என்று தன்னைத் தானே ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தாள்.

பிறகு அழுதாள்.

(அந்த அழுகை எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு உவமைகள் வந்தன. இரண்டையும் வெட்டிவிட்டேன்.)

மைக் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எட்டு வருடமாக ஓடுவதை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

4

ஆவணியில் வந்த எபிசோடில் குஞ்சரம் பாரை மீன் வெட்டுகிறாள். குட்டி "அம்மா" என்கிறாள். குஞ்சரம் திரும்பிப் பார்க்க, காகம் மீனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. குஞ்சரம் அழுகிறாள். அழுகைக்கு மேல் காகம் கரைகிறது.

பார்வையாளர் கருத்துகள், வந்தபடியே:

"ஐயோ வயிறு நோகுது. அழுகைக்காகவே திருப்பித் திருப்பிப் பாக்கிறன்."

"பாரை விக்கிற விலைக்கு நானும் இப்பிடித்தான் அழுவன்."

"கதை பழசு. காகத்தை விட்டா இவங்களுக்கு வேற தெரியாது. ஆனா அழுகை சுப்பர்."

"அட்மின், இதை றிங்ரோனாத் தாங்கோ பிளீஸ்."

"கனடாவில இருந்து பாக்கிறம். என்ட மனிசியும் இதே ராகம்தான்."

பஸ்மியா எதையும் எழுதவில்லை. நேரே போன் எடுத்தாள்.

"மதி, நீ நடிச்சா எனக்குத் தெரியும் புள்ள. இது நடிப்பில்ல. என்ன நடந்த?"

மதிவதனா அதுவரை எபிசோடைப் பார்த்திருக்கவில்லை. அவள் பார்ப்பதில்லை, தன் குரலைத் தானே கேட்கக் கூச்சம். அன்று பார்த்தாள்.

5

"அது நான் அழுதது" என்றாள்.

இராகுலன் கணினியிலிருந்து திரும்பாமல், "தெரியும்" என்றான்.

(முதல் பிரதியில், "ஐயோ, நீர் ஒத்திகை பாத்தனீர் எண்டெல்லோ நினைச்சன்!" என்று எழுதியிருந்தேன். அப்படியென்றால் அவனைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் எட்டு வருடமாக மனைவியின் தும்மல்களைப் பிரித்து அடுக்குகிறவனுக்கு அவள் அழுகை தெரியாதா? வெட்டிவிட்டேன்.)

"தெரிஞ்சுகொண்டோ போட்டனீங்கள்?"

"நானும் அழுதனான், மதி. அதை வெட்டி ஒட்டேக்க ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு இருந்து அழுதனான்."

"அழுது முடிச்சிட்டுக் காகத்தைப் போட்டனீங்கள்."

அவன் மேசையில் கிடந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டினான்.

"எடுங்கோ அதை."

"இப்ப எடுக்க ஏலாது. சனம் அதைத்தான் கேட்டு வருது. நீர் கொமென்ட் பாக்கேல்லையே? ஒருத்தருக்கும் அது நீர் எண்டு தெரியாது. குஞ்சரம் அழுதது எண்டுதான் நினைக்கினம்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"என்ன சொல்லுறீர்?"

"அப்ப பதிஞ்சதையாவது தாங்கோ. காகம் இல்லாததை."

இராகுலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எபிசோட் வெளியானதும் பழைய பதிவுகளை அழிப்பது அவன் வழக்கம். கணினியில் இடம் காணாது. அதையும் அழித்திருந்தான்.

6

என்னைப் பிடித்துக்கொண்ட கருத்து இதுதான்:

"இது குஞ்சரம் அழுதது இல்லை. என்ட பிள்ளை செத்ததுக்கு நான் அழுதது. தயவுசெய்து சிரிக்க வேண்டாம்."

மதிவதனா அதைக் குசினியில் அடுப்பருகே நின்று எழுதினாள். வீட்டுப் போன் எப்போதும் தொடரின் கணக்கில்தான் திறந்திருக்கும் என்பதை அவசரத்தில் கவனிக்கவில்லை. அவள் எழுதியதற்குப் பக்கத்தில் குஞ்சரத்தின் உருண்டை முகம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

"ஹாஹா, குஞ்சரமே கொமென்டுக்கு வந்திட்டா!"

"எந்தப் பிள்ளை? குட்டி நல்லாத்தானே இருக்கு?"

"மீனைத்தான் பிள்ளை எண்டுறா. அட்மினுக்கு ஒரு லைக்."

பின்னேரம் பார்த்தால் அந்தக் கருத்தை யாரோ எல்லாவற்றுக்கும் மேலே முதலாவதாகத் தெரியும்படி 'பின்' குத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைத் திறக்க அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

"நீர் சொன்னது எல்லாருக்கும் தெரியட்டும் எண்டு வச்சனான்" என்றான் இராகுலன்.

இது அன்பா, வியாபாரமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் அவனுக்குப் பொருந்துகின்றன. என் தொழிலில் இப்படி ஒரு புருஷனை நான் எழுதியதே இல்லை.

7

முடிவுகள்.

அ. மதிவதனா நிலாவெளியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். வேறொரு பெண் குஞ்சரத்துக்குக் குரல் கொடுக்கிறாள். பார்வையாளர்கள் "பழைய குரல்தான் நல்லம்" என்று எழுதுகிறார்கள். மதிவதனா அதை வாசித்து

இல்லை. அவள் எங்கும் போகவில்லை. எழுதப் போனால் பஸ் தரிப்பிடத்திலேயே நின்றுவிடுகிறாள்.

ஆ. இராகுலன் திருந்துகிறான்.

சிரிக்க வேண்டாம், உண்மையாகவே திருந்துகிறான். நடந்தது இதுதான். அந்த எபிசோடில் எந்த இடத்தைப் பார்வையாளர்கள் அதிகமாகத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று யூடியூப் ஒரு மலை மாதிரிக் கீறிக் காட்டும். இராகுலன் அதைப் பார்த்தபோது அவனுக்கு விளங்கவில்லை. மலையின் பெரிய உச்சி அழுகையில் நின்றது; அது தெரிந்ததுதான். ஆனால் அதற்குச் சற்று முன்னால், சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், "அம்மா" என்ற சொல்லில், இன்னொரு சின்ன உச்சி நின்றது.

அவன் எழும்பிப் போய் அலுமாரிக் கதவைத் திறந்தான். சேலைகளுக்கு நடுவே மதிவதனா போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தாள். "அம்மா" என்றது போன், அன்று இதே அலுமாரிக்குள் அவள் கூப்பிட்ட குரலில். காகம் வருமுன் விரலால் நிறுத்தினாள். திரும்பவும் பின்னால் இழுத்தாள். "அம்மா."

இராகுலன் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு அந்தப் போனை மெல்ல வாங்கினான்.

"எடுத்துவிடுறன், மதி. சனம் என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும். இந்தா, இப்பவே எடுக்கிறன். எடுக்கட்டே?"

என் மற்றக் கதைகளில் புருஷன் இப்படிக் கேட்டதும் அத்தியாயம் முடிந்துவிடும். இங்கே அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓம் என்றால் அந்தச் சிரிப்பு நிற்கும். அவள் முதலில் கேட்டதும் அதைத்தான். ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அவள் காதுக்கு மட்டும் கேட்கும். பெயரில்லாத, முகம் பார்க்காத ஒரு பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட்டதை வேறு மனிதர்கள் கேட்ட இடம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

இராகுலன் எபிசோடை நீக்கும் பொத்தானில் விரலை வைத்தபடி அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் வாய் திறக்கிறாள். எந்தக் குரலில் பேசப்போகிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. முடிவை நீங்களே சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் போதும், எங்கேயும் எழுதிப் போட வேண்டாம். கருத்துகளை எல்லாம் அவள் வாசிக்கிறாள்.