கப்பலை நிறுத்திய பனிக்கட்டி

"அக்கா, மாமாகிட்டருந்து பார்சல்!"

எஃகு உருளையை ஆய்வகத்தின் குளிரறை மேசையில் வைத்தான் உதவியாளன் பெங்குவின். நாள் முழுக்க அந்த அறையிலேயே கிடப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"மத்தவளுக்கெல்லாம் புருஷன் சென்ட் பாட்டில் அனுப்புறான். எனக்குச் சேறு" என்றாள் அவள்.

கடலடிச் சேற்றில் எரிவாயு பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. எடுத்தால் நாட்டுக்கே அடுப்பெரியும் என்றுதான் கப்பல் போயிருந்தது. துளையிடுபவன் அவள் கணவன். இது கடைசித் துளையின் மாதிரி; சோதித்துச் சொல்ல வேண்டியவள் அவள். வாயு இல்லையென்றால் கப்பல் திரும்பிவிடும். இருந்தால் அங்கேயே அடுத்தடுத்த துளைகள். வரும் கோடை வரை அவன் வரமாட்டான்.

உருளையின் மேல்பக்கம் தெரிய அம்புக்குறி போடுவார்கள். அவன் போடும் அம்பு எப்போதும் சற்றுச் சாய்ந்திருக்கும். கையுறையோடு அதைத் தடவினாள்.

பெங்குவின் டீ குடிக்கப் போனான். அவள் கை உருளையின் வால்வுக்குப் போனது. திறந்தால் போதும், அழுத்தம் இறங்கி, பனிக்கட்டி கரைந்து, வாயு ஓடிவிடும். வழியில் கசிந்துவிட்டது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை.

சுவர் போன் அடித்தது. கப்பலிலிருந்து அவன்.

"பாத்தியா?"

"இனிமேதான். இல்லன்னு வந்தா?"

"ஞாயித்துக்கிழமை நம்ம வாசல்ல நிப்பேன்."

"இருக்குன்னு வந்தா?"

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் உயர்ந்தது.

"அப்பாதான் தோண்டுனாருன்னு பாப்பாகிட்ட சொல்லு."

அந்தக் குரலில் இருந்த ஆசை அவளுக்குப் புரிந்தது. பொய் சொல்லி அவனை வரவழைத்துவிட்டால், அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

"வேலை இருக்குங்க. வைக்கிறேன்."

பெங்குவின் வந்ததும் வாயு ஓடிவிடாதபடி இருவருமாகத் திரவ நைட்ரஜனில் உருளையை உறையவைத்து, அதன் பிறகே திறந்தார்கள். சேற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பனிக்கட்டி. ஒரு துணுக்கைத் தட்டில் வைத்து வெளி அறைக்குக் கொண்டுபோய் லைட்டரைக் காட்டினாள். குப்பென்று பற்றியது.

"அடிச்சது யோகம்! கப்பலுக்கு நீங்களே சொல்லுங்கக்கா."

"நீயே சொல்லுடா. என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிடுவாரு."

"என்னத்தைக்கா?"

"காத்து அடிக்குது பாரு, அணைஞ்சிடப் போகுது. கதவைச் சாத்து."

தட்டில் தண்ணீர் மட்டும் மிஞ்சும் வரை அவள் தீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.