எண்பத்தைந்து பீப்பாய்

மதியம் அக்காவின் அழைப்பு வந்தபோது, அச்சகத்திலிருந்து வந்திறங்கிய இருநூறு புத்தகங்களில் ஒன்றை அவள் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாட்டின் பத்தாண்டு எரிசக்தித் திட்டம். மறுநாள் காலை அமைச்சர் வெளியிடுகிறார். எந்த ஊருக்கு எந்த வருடம் மின்கம்பி போகும் என்ற கணக்கு முழுக்க அவள் போட்டது. இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை.

அக்கா மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் சுகாதார நிலைய நர்ஸ்.

"எங்க ஊருக்குக் கரண்ட் எப்போடி?"

"ஆறாவது வருஷக் கடைசியிலக்கா. அச்சுலயே வந்தாச்சு."

"அப்பாடா! அதுவரைக்கும் இந்த மண்ணெண்ணெயில ஓடுற ஃப்ரிட்ஜோட மல்லுக்கட்ட வேண்டியதுதான். தடுப்பூசி மருந்தெல்லாம் அதை நம்பித்தானே இருக்கு."

சிரித்தபடி போனை வைத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எண்ணெய் அத்தியாயத்தைத் திருப்பினாள். மண்ணெண்ணெய் இறக்குமதி மூன்றாம் வருட முடிவில் நிறுத்தப்படும் என்றிருந்தது.

அதை எழுதியவர் எதிர் அறைக்காரர். எதையும் பீப்பாயில் அளந்து பேசுவதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பீப்பாய்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"விளக்கு எரிக்க மட்டுந்தான்னு நினைச்சுட்டேன்மா. அதான் சூரிய விளக்கு குடுக்குறோமேன்னு வெட்டிட்டேன்."

இரண்டு வருடமாக எதிரெதிர் அறை. அவரவர் அட்டவணையில் பிசகே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மாதிரி சுகாதார நிலையங்கள் முப்பத்தேழு. பீப்பாய் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். வருடத்துக்கு எண்பத்தைந்து பீப்பாய். "கப்பல்லேர்ந்து இறக்கும்போது இதைவிட அதிகமா சிந்தும்," என்றார்.

இருவரும் இயக்குநரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நின்றபடியே கேட்டார். "இது எப்படி இப்போ தெரிஞ்சுது?"

"என் அக்கா அங்க நர்ஸ் சார்."

"சொந்தக்காரங்களுக்காகத் திட்டத்தை மாத்தச் சொல்றீங்களா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பீப்பாய்தான் பேசினார். "அவங்க அக்கா சொல்லலைன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது சார். தப்பு என்னுது."

இயக்குநர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் நீட்டிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. திருத்தத்தைத் துண்டுத்தாள்ல அச்சடிச்சு எல்லாப் புத்தகத்துலயும் ஒட்டிடுங்க."

"கம்பி போறதுக்கு இன்னும் ஒரு வருஷம் இடிக்குது சார்."

"அந்த ஒரு வருஷத்தை அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம்' எங்கே போய்ச் சேரும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

துண்டுத்தாள்கள் பறந்ததால் மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் ஒட்டினார்கள். பசை காயும்வரை புத்தகத்தை மூட முடியாது. மேஜை நிரம்பி, நாற்காலிகள் நிரம்பி, தரையும் வராந்தாவும் நிரம்பின. ஐந்தரை மணிக்கு அக்கா மறுபடி அழைத்தாள். பேசுவதற்கு வெளியே போகலாமென்று எழுந்தவள், மணி அடிக்கும் போனோடு நின்ற இடத்திலேயே நின்றாள். வாசல்வரை இருநூறு புத்தகங்களும் ஒரே பக்கத்தைத் திறந்துகொண்டு கிடந்தன. கால் வைக்க இடமில்லை.