ஏழே முக்கால் மணிப் பாட்டு

கூடம் நிறையட்டும் என்று அவள் காத்திருந்தாள். கைப்பைக்குள் விட்ட கை வெளியே வரவில்லை. உள்ளே கணவரின் ஃபோன், அதன் மேல் அவளுடைய கட்டை விரல். துக்கத்தில் பையை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

கணவரைக் கிடத்தியிருந்த பெட்டியின் தலைமாட்டில், அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவுப் பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஒருவர் செத்ததற்கு ஆபீஸ்காரி இவ்வளவு அழுவாளா? கீழ்வீட்டுத் தையல்காரி அழவே இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. மருந்துக் கடைக்காரியோ வந்ததிலிருந்து சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி என்ன இருக்கிறதாம் அதில்?

இந்த மூவரில் ஒருத்திதான். இல்லாவிட்டால் இனி வரப்போகிறவள்.

விஷயம் தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. மகளின் படம் ஒன்றைத் தேடிக் கணவரின் ஃபோனை எடுத்தபோது கண்ணில் பட்டது, பெயர் போடாத ஒரு நம்பர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. அந்த ரோஜாப்பூவுக்குத் தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஒரு பாட்டு போயிருந்தது. வேறுவேறு பாட்டுகூட இல்லை, ஒரே பாட்டு. ஏதோ ஒரு ராக் கச்சேரியில் நேரடியாகப் பதிவு செய்தது, பதினோரு நிமிடம். நடுவில் மழை கொட்டுகிறது, கிட்டார் கம்பி அறுகிறது, பாடுகிறவன் திகைத்து நிறுத்த, கூட்டமே மிச்சப் பாட்டைப் பாடி முடிக்கிறது. "அந்தக் கூட்டத்துல நானும் கத்தியிருக்கேன்" என்று கல்யாணமான புதிதில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். யாரோடு போய்க் கத்தினார் என்று இவள் கேட்டதில்லை.

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு இல்லை. முழுசாக ஒரு வருஷம். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே உயர்த்திய கட்டை விரல் படம் ஒன்று, அவ்வளவுதான் பதில். மடியில் கனமில்லை என்றால் பேர் போட்டு வைக்க வேண்டியதுதானே! ஃபோனுக்குப் பூட்டுகூடப் போடவில்லை மனுஷன், என்ன துணிச்சல் பாருங்கள். அதுவும் எப்போது? இவள் ஏழு மணி ஷிஃப்டுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு.

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், இல்லை உண்மையைச் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இரண்டையுமே தாங்கிக்கொள்ளத் தெம்பில்லை.

நேற்றுக் காலை பொறுமை போய்விட்டது. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏழே முக்காலுக்கு, ஆவி பறக்கும் இஸ்திரி இயந்திரத்துக்குப் பின்னால் நின்று, அந்தப் பாட்டைத் தானே அனுப்பினாள். பூனைக்குட்டி வெளியே வரட்டும். கட்டை விரல்தான் வந்தது. மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குத் திரும்பியபோது குளியலறைத் தண்ணீர் கூடம்வரை வந்திருந்தது.

குளிக்கும்போதே நெஞ்சடைத்து விழுந்திருக்கிறார், ஏழரை ஏழே முக்கால் இருக்கும் என்றார் டாக்டர். உடனே போகவில்லையாம். பத்து மணிவரைக்கும்கூட உயிர் இருந்திருக்கலாமாம்.

"அம்மா, கொஞ்சம் உட்காரேன்" என்று மகள் தோளைத் தொட்டாள். "யாரைத் தேடிட்டே இருக்க?"

"யாரையும் இல்ல. நீ போய் வந்தவங்களுக்குக் காப்பி கொடு."

மகள் நகர்ந்ததும் அந்த நம்பரைக் கூப்பிடப் பைக்குள் விரலை அழுத்தினாள். மூன்று பெண்களின் பைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றும் முனகவில்லை. மணி அடித்தது வாசலுக்கு வெளியே, படிக்கட்டில்.

அங்கே வெல்டர் நின்றுகொண்டிருந்தார். கணவரின் வாலிப காலத்துக் கூட்டாளி, பின்தெருவில் பட்டறை வைத்திருப்பவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வந்து வீடு அதிரப் பாட்டுப் போட்டு ஆடியதற்காக, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்று விரட்டியவள் இவள்தான். மனிதர் இன்றைக்கும் மிதிக்கவில்லை. கையிலிருந்த ஃபோனைப் பார்த்து அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. உள்ளே படுத்திருக்கிறவன் கூப்பிட்டால் யாருக்குத்தான் வெளுக்காது!

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"தங்கச்சி, அவன் நம்பர்லேர்ந்து..."

"நான்தான் கூப்பிட்டேன். அந்த ரோஜாப்பூ நீங்களா?"

"என் பொண்ணு வெச்சுவிட்டது. எனக்கு எடுக்கத் தெரியல."

நெஞ்சில் ஒரு மாதமாகக் கிடந்த கல் சட்டென்று இறங்கியது. அட, இதுக்கா இவ்வளவு! இவருடைய பேர் தன் கண்ணில் பட்டால் சண்டை வரும் என்றுதான் மறைத்திருக்கிறார். சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது, கூடவே நேற்றிலிருந்து வராத அழுகையும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, தினமும் அதே பாட்டு கேட்டு உங்களுக்கு அலுக்கவே இல்லையா?"

"எங்க கேட்டேன்? வந்துச்சான்னு பாப்பேன், அவ்வளவுதான்." வெல்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் குளிக்கிற இடத்துல மயங்கி விழுந்தான் தங்கச்சி. முழிச்சதும் எனக்குத்தான் ஃபோன் பண்ணான், ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். இதயம் பாதிதான் வேலை செய்யுதுன்னாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு அவனையே பாத்துட்டு உக்காந்துடுவியாம்."

அவள் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினாள்.

"குளிச்சு நல்லபடியா வெளிய வந்ததும் பாட்ட அனுப்புவான். எட்டு மணி வரைக்கும் வரலைன்னா நான் ஓடி வந்துடணும். வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட குடுத்து வெச்சிருக்கான். உயிரோட இருக்கேன்னு தினமும் எழுத வெக்கமா இருக்குடான்னான். அதான் பாட்டு. நாங்க ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே கேட்டது." வெல்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நேத்தும் கரெக்டா வந்துச்சு. பாத்தேன், விரலப் போட்டேன், வேலையில இறங்கிட்டேன். பட்டறையிலேர்ந்து இங்க வர நாலு நிமிஷம் தங்கச்சி. நாலே நிமிஷம். டாக்டர் என்னடான்னா அதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்ங்கறார். அப்ப பாட்டு எப்படி வந்துச்சு? வீட்ல வேற யாராவது இருந்தாங்களா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நேரத்தைத் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். நம்பத்தான் அவரும் காத்துக்கொண்டு நின்றார்.

"நான்தாண்ணே அனுப்பினேன்" என்றாள். "ஃபோன் என்கிட்ட இருந்துச்சு. யாருக்கு அனுப்பறார்னு தெரிஞ்சுக்கணும்னு அனுப்பினேன்."

வெல்டர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கீழேயிருந்து ஓர் ஆள் வாடகை நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தான். இருவரும் சுவரோடு ஒண்டி அவனுக்கு வழிவிட்டார்கள்.

ஆள் உள்ளே போனதும் வெல்டர் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றப் பார்த்தார். நெருப்பிலேயே கிடந்து தடித்துப்போன விரல்கள், வளையம் பிரியவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அவள் கையை நீட்டி, வளையத்தை நகத்தால் நெம்பிப் பிடித்துக்கொண்டாள். அவர் சாவியைச் சுற்றிச் சுற்றி மெல்ல உருவினார்.