ஜன்னலில் தெரிந்த கை

வரலாற்று வாத்தியார் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் தேதிகள் அவரை விடவில்லை. தோட்டத்துக்கென்றே ஒரு டைரி வைத்திருந்தார். எந்தச் செடிக்கு எப்போது உரம், எப்போது கவாத்து என்று வருஷம் முழுவதுக்கும் அதில் எழுதியிருக்கும். எழுதிவிட்டால் இடியே விழுந்தாலும் அன்றைக்கு அது நடந்தாக வேண்டும்.

அன்றைய பக்கத்தில் 'காகிதப்பூ, கவாத்து' என்றிருந்தது. மனுஷர் பழைய பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே, ஜன்னலுக்குக் குறுக்கே வளைந்திருந்த கிளையைச் சதக்கென்று வெட்டினார். கிளை காலடியில் விழுந்த பிறகுதான் ஜன்னலுக்கு உள்ளே நின்ற ஓவியம் கண்ணில் பட்டது. கத்தரியைப் புல்லில் போட்டுவிட்டுக் கிளையைக் கையில் எடுத்தார்.

அது அவர் மனைவி வரைந்துகொண்டிருந்த படம். தெருவில் அவளுக்குப் 'படக்காரம்மா' என்றே பெயர். ஆனால் வரைந்ததெல்லாம் இத்தனை வருஷமாக அலமாரிக்குப் பின்னால்தான் கிடந்தது. இப்போதுதான் முதல்முறையாக நூலகத்தில், வாசகர் அறையில் மாட்ட, ஒரு படம் கேட்டிருந்தார்கள். நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். சுவரும் ஜன்னலும் முடிந்துவிட்டன. கிளை மட்டும் இன்னும் வெறும் பென்சில் கோடு.

"அந்தக் கிளைய மட்டும் தொட்டுடாதீங்க" என்று அவள் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு போரின் காரணங்களைப் படித்துக்கொண்டே அவர் "ம்" கொட்டியிருந்தார். முப்பது வருஷம் வகுப்பில் "கவனம் எங்க இருக்கு?" என்று அதட்டிய மனிதர் இவர்!

நூலால் கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. அதற்குள் கடைக்குப் போனவள் வந்துவிட்டாள்.

"கிளையப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"காத்துல ஆடுச்சு. அதான்..."

"காத்தா? ஒரு இலைகூட அசையலையே." அப்போதுதான் புல்லில் கிடந்த கத்தரியைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

"டைரியில இருந்துச்சும்மா."

"டைரியில நான் எங்கயாவது இருக்கேனா?"

வாத்தியார் ஒரு கையால் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். "நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி. நீ வரை" என்றார்.

அவள் உள்ளே போய்த் தூரிகையை எடுத்தாள். "கொஞ்சம் மேல. இன்னும். ஆங், அங்கயே."

சுவரோடு ஒட்டி முக்காலிமேல் நின்றார். கிளையில் முள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. வாயில் வந்த பாட்டையும் விழுங்கிக்கொண்டார். படக்காரம்மாவுக்கு நுணுக்கமான காது. சுதி விலகினால் தூரிகை நின்றுவிடும். அவள் வரையும்போது அவர் பாடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாடுங்க."

"நானா?"

"வலி தெரியாம இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் நான் பொறுத்துக்கிறேன்."

பாடினார். இரண்டாவது வரியிலேயே அவளும் சேர்ந்துகொண்டாள். பாட்டைத் திருத்தத்தான். ஆனாலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளிச்சம் மங்குவதற்குள் படம் முடிந்தது. உள்ளே வந்து பார்த்தவர் திகைத்துப்போனார். கொத்துக் கொத்தாகப் பூக்கள். அவற்றுக்கு நடுவே, நகத்தில் மண் அப்பிய, முள் கீறிய அவர் கை.

"இது எதுக்கும்மா? நூலகத்துல நாலு பேர் சிரிக்கப்போறாங்க!"

"நடந்தத நடந்தபடி எழுதுறதுதான் வரலாறுன்னு வாழ்நாள் பூரா சொன்னது யாரு? அந்தக் கிளை தானா நின்னுச்சா?" என்றபடி அவர் விரலில் ஏறியிருந்த முள்ளை மெதுவாகப் பிடுங்கினாள்.

அவள் அடுப்படிக்குப் போனதும் வாத்தியார் டைரியை எடுத்தார். மிச்சமிருந்த மாதங்களில் 'கவாத்து' என்று எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் முன்னால் 'அவளைக் கேட்டு' என்று எழுதிக்கொண்டே போனார். விரல் மரத்துப்போனதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அவர் ஒன்றையும் அடித்து எழுதவில்லை.