அம்மா பேசிய மலாய்

டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்துச் சமூகக் கல்லூரியில் மழை பெய்யும் மத்தியானங்களில் ரொட்டி வாசனை வகுப்பறைகளுக்குள் மிதந்து வரும். அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் ஜோனிட்டா தன் ஆய்வுக்காக மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, விடுப்பெடுத்து முதுகலை படிக்கிறாள். மலாய் போன்ற இரண்டாம் மொழியில் படிக்க வரும் பெரியவர்கள் ஏன் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்பதுதான் அவள் கேள்வி. ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றை ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தாள். பழைய பாடத்திட்டங்களில் ஆசிரியர் எப்படிப் பேசுவது என்பதற்குப் பக்கம் பக்கமாக இருந்தது. பேசாத மாணவர்களிடம் என்ன செய்வது என்பது அவள் கண்ணில் படவேயில்லை.

அன்று எதிரில் இருந்தவள் பவானேஸ்வரி. ரொட்டி செய்யக் கற்கும் வகுப்பு மாணவி, எஸ்டேட் தோட்டத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள்.

"பசார்ல மலாய் நல்லா பேசுவேன் டீச்சர். இங்க பேசுற மலாய் வேற லா. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. வாயத் தொறந்தா கசங்கிருமோன்னு பயம்."

ஜோனிட்டா சிரித்தாள். கேள்விகள் தீர்ந்திருந்தன. சும்மா கேட்டாள். "கனவு எந்த மொழியில வருதுக்கா?"

பவானேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"செத்துப்போன எங்கம்மா வந்தாங்க. அணைக்கட்டுத் தண்ணி மேல புகை மாதிரி பனி. அதுமேல நடந்து வந்து, ரொட்டி எப்படிச் செய்யறதுன்னு கேட்டாங்க. மலாய்ல. செய்தி வாசிக்கிறவங்க மாதிரி! தமிழத் தவிர ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. எப்பம்மா படிச்சேன்னு கேட்டேன். நீ வகுப்புல உக்கார்றப்ப நானும்தானே உக்கார்றேன்னாங்க."

அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. ஜோனிட்டா ஆய்வுக்காகப் பதிவு செய்துகொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். பயிற்றுநர் ரொஹானி, பிசைந்த மாவை என்ன செய்ய வேண்டும் என்று மலாயில் கேட்டார். பவானேஸ்வரியின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது. ஜோனிட்டாவுக்கு அது தெரியும். "அக்கா, அம்மா கேக்குறாங்கன்னு நெனச்சு சொல்லுங்க," என்றாள் தமிழில்.

பவானேஸ்வரி கண்ணை மூடினாள். ஈரத்துணியால் மூட வேண்டும் என்றாள் மலாயில். பிறகு, "பியார் டியா ரெஹாட் டுலு," என்றாள். முதலில் அது ஓய்வெடுக்கட்டும். தூங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமாக வந்தது. ரொஹானி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பவானேஸ்வரி தேறிவிட்டாள். ஜோனிட்டாவின் மேற்பார்வையாளர், குறுக்கிட்டதால் அந்தப் பதிவு செல்லாது என்றார். ஜோனிட்டா மறுபேச்சில்லாமல் அதை ஆய்விலிருந்து நீக்கிவிட்டாள். அவளுக்கு வருத்தமாக இல்லை. ஏன் இல்லை என்று அவளுக்கே புரியவில்லை.

அடுத்த வகுப்பில் ரொஹானி பாடத்தை முடிக்கும்போது பவானேஸ்வரி கை தூக்கினாள். யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"புவான்," என்று ரொஹானியை மரியாதையாக அழைத்து மலாயில் ஆரம்பித்தாள், "எனக்கு ஒரு சந்தேகம்."

ரொஹானி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.